வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அமிர்தலிங்கத்தின் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கல்யாண விசாரணைக்காரர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சிங்கப்பூரில் சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வருவார்கள். அரசாங்கத் தடய அறிவியல் கூடத்தில் முப்பது வருடம் குப்பிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவருக்கு இது பெரிய இறக்கம்தான். அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அவருடைய உதவியாளர் கனகாதான் அப்படி நினைத்தாள். முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தவள் அவள். யாராவது தும்மினாலும் விஷம் வைத்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்க்கிற சுபாவம்.

பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவளுடைய ஆசை பாதி நிறைவேறியது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவன் வந்து, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே பனிக்கட்டிக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை செத்துக் கிடந்தது.

"இது நேத்து செத்தது சார். எட்டாவது. எதனால செத்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

கனகா நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மீன் என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் எட்டு என்ற எண்ணிக்கை அவளுக்குப் பிடித்திருந்தது.

வந்தவன் பெயர் நௌஷாத். திருத்துறைப்பூண்டியில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் துரைக்கண்ணு என்ற விவசாயி. அவருடைய ஒரே மகன் திருமுருகனும் நௌஷாத்தும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். போன ஆவணியில் ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, வீட்டுத் தொட்டியில் விடுவதற்கு மீன் பிடிக்கலாம் என்று இரண்டு பேரும் முள்ளியாற்று மதகுக்குப் போனார்கள். திருமுருகன் மதகுக்குக் கீழே இறங்கினான். சுழல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நௌஷாத்துக்கு நீச்சல் தெரியாது. மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது.

"அவன் பிடிச்ச மீனுங்க கேன்ல கரையிலயே இருந்துச்சு சார். அஞ்சு அயிரை, நாலு கெண்டை, ரெண்டு பனையேறி. நான்தான் கொண்டுபோய் அவன் அம்மாகிட்ட கொடுத்தேன். அவங்க அதைத் தொட்டியில விட்டு வளர்க்கிறாங்க. வாரா வாரம் வெள்ளிக்கிழமை போய் நான் தண்ணி மாத்திக் கொடுத்துட்டு வருவேன்."

"அவங்க அப்பா விடறாரா?" என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

நௌஷாத் தரையைப் பார்த்தான். "ரெண்டு பேரு போனோம், ஒருத்தன்தான் வந்தேன். அவருக்கு என்னைப் பார்த்தாலே ஆகாது. மீனுக்காகத்தான் உள்ளே விடறார். அதுவும் கூடத்தைத் தாண்டக் கூடாது. இப்ப மீனும் செத்துக்கிட்டே வருது. நான்தான் ஏதோ பண்ணிட்டேங்கிறார். இந்த வெள்ளிக்கிழமையோட தொட்டியைத் தூக்கி வெளியில போட்டுருவேன், இந்தப் பக்கமே வராதேன்னுட்டார். அந்த வீட்டுல நான் நிக்கிறதுக்கு இருக்கிற ஒரே காரணம் அந்த மீனுங்கதான் சார்."

அமிர்தலிங்கம் டப்பாவை மூடினார். "எப்பலேர்ந்து சாவுது?"

"மெஷின் வெச்சதுலேர்ந்து. அதுதான் என்னையும் குழப்புது." நௌஷாத் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தான். தொழில் பேச்சு வந்ததும் குரல் கொஞ்சம் தெளிந்தது. "ஆறு ஓடுற வரைக்கும் கேன்ல ஆத்துத் தண்ணி கொண்டுபோய் ஊத்துவேன். பிரச்சனையே இல்ல. தை மாசம் மேட்டூரை அடைச்சாங்க, கொஞ்ச நாள்ல ஆறு காஞ்சிருச்சு. ஊர்க் குழாயில பிளீச்சிங் பவுடர் வாடை. அதை ஒரு நாள் திறந்து வெச்சா போயிரும், இல்ல சொட்டு மருந்து விடலாம். ஆனா குழாய் வாரத்துல ரெண்டு நாள்தான் வருது, வந்தா வந்தது. போர் தண்ணி ஒரே உப்பு. கரி ஃபில்டர் வாடையை எடுக்கும், உப்பை எடுக்காது. யூவி லைட்டு கிருமியைக் கொல்லும், உப்பை அதால ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாத்தையும் யோசிச்சுத்தான் உப்பை எடுக்கிற ஆர்.ஓ. மெஷினை அவங்க வீட்டுல வெச்சேன். அது வெறும் சக்கைத் தண்ணி ஆயிரக் கூடாதுன்னு நாலு பங்குக்கு ஒரு பங்கு போர் தண்ணி கலந்துதான் ஊத்துறேன். என் கடையிலயும் இதே கலவைதான். அங்க ஒரு மீன் சாகல."

"எது முதல்ல செத்தது?"

"முதல் வாரம் தொட்டியில இருந்த நத்தை எல்லாம் போச்சு. மறுநாளே மூணு அயிரை. அடுத்த வாரம் மிச்ச ரெண்டு அயிரை. மூணாவது வாரம் ஒரு கெண்டை, இந்த வாரம் ரெண்டு. ஒரு கெண்டையும் ரெண்டு பனையேறியும்தான் மிச்சம்."

"மருந்து ஏதாவது விட்டீங்களா?"

"ஒரு சொட்டு கூட இல்ல சார். அயிரைக்கு மருந்தே ஆகாது. உடம்புல செதில் இருக்கிறதே தெரியாது, கொஞ்சம் கூடினாலும் போயிரும். அது இருக்கிற தொட்டியில மருந்து விடற அளவுக்கு நான் முட்டாள் இல்ல."

"மெஷின் தண்ணியை யார் பிடிக்கிறது?"

"அம்மா. சொட்டுச் சொட்டாத்தான் விழும், அதனால வியாழக்கிழமையே பிடிச்சு வெச்சிருவாங்க. ஒரு ராத்திரி அப்படியே திறந்திருந்தா காத்து கலக்கும்னு நான்தான் சொன்னேன். அதுக்குன்னு ஒரு நீல டிரம்மும் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நான் போனா உள்ளேயிருந்து வாளியில கொண்டுவந்து கொடுப்பாங்க."

"நாளைக்கு வர்றோம்" என்றார் அமிர்தலிங்கம்.

*

மறுநாள் மன்னார்குடி வழியாகப் பஸ் பிடித்துப் போனார்கள். வானம் மூடிக் கிடந்தது. மழை வருவது போலிருந்தது, வரவில்லை. சம்பா அறுத்த தாளடியில் உளுந்து முளைத்து, பாதி வயல் காய்ந்தும் பாதி பச்சையாகவும் கிடந்தது. வாய்க்கால்களில் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு மகனை இழந்த வீட்டுக்குப் போகிற வழி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஏற்பாடு செய்தது போலிருந்தது.

துரைக்கண்ணு வாசலிலேயே நிறுத்தினார். அறுபது வயது, வயலிலிருந்து நேராக வந்த கோலம். செருப்பில் சேறு உலர்ந்திருந்தது.

"அவன் அனுப்பின ஆளா நீங்க?"

"அவர்தான் கூப்பிட்டார். ஆனா அவர் பக்கம் பேச வரலை. அவரே செஞ்சிருந்தா அதையும் சொல்லிட்டுத்தான் போவேன்."

துரைக்கண்ணு வழிவிட்டு நகர்ந்தார். "அப்ப உள்ளே வாங்க" என்றார்.

கூடத்தில் சுவரோரமாகத் தொட்டி இருந்தது. மூன்றடி நீளம், அடியில் ஆற்று மணல், இரண்டு கூழாங்கல். நத்தை ஓடுகள் காலியாகக் கிடந்தன. ஒரு கெண்டை மூலையில் சாய்ந்து நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பனையேறிகள் இரண்டும் கவலையில்லாமல் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. எதிரே ஒரு ஸ்டூலில் ஆனந்தவல்லி உட்கார்ந்திருந்தார், திருமுருகனின் அம்மா. வந்தவர்களுக்காக எழுந்து நின்றார், "வாங்க" என்றார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவருடைய நகக்கண்களில் பழுப்பு ஏறியிருந்தது. தொட்டிக்கு முன்னால் தரையில் உலர்ந்த சேற்றுச் செருப்புத் தடம் இருந்ததைக் கனகா பார்த்தாள், உடனே அவளுக்கு மூக்கு வியர்த்தது.

துரைக்கண்ணு இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "மெஷின் தண்ணிதான். நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம்."

அமிர்தலிங்கம் முழுவதையும் குடித்தார். பிறகு மூன்று சிறு குப்பிகள் எடுத்து, தொட்டியிலிருந்து ஒன்று, இயந்திரத்தின் குழாயிலிருந்து ஒன்று, கொல்லைப் பம்பிலிருந்து ஒன்று என்று நிரப்பிச் சீட்டு ஒட்டினார்.

கனகா வீட்டைச் சுற்றி வந்து பார்த்ததையெல்லாம் செல்போனில் படம் எடுத்தாள். உள்ளறையில் திருமுருகனின் படம், மாலை, விளக்கு. படத்துக்குக் கீழே பலகையில் ஒரு பெரிய செப்பு அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. அவள் கைகூப்பிவிட்டு நகர்ந்தாள். கொல்லைக் கொடியில் ஒரு வெள்ளைத் துணி காய்ந்தது. அதன் நடுவில் வட்டமாக நீலமும் பச்சையும் கலந்த கறை. மாட்டுக் கொட்டகையில் நௌஷாத் சொன்ன நீல டிரம் இருந்தது, முக்கால் அளவுக்குத் தவிடு. கொட்டகையின் எரவாணத்தில் பிளாஸ்டிக் பை ஒன்று செருகியிருந்தது. உள்ளே நீலநிறக் கட்டிகள். பையின் முடிச்சுமேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டாள்.

"மயில்துத்தம். தென்னைக்குப் பூச வாங்கினது" என்றார் துரைக்கண்ணு.

கனகா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அவள் நடை மாறிவிட்டது.

புறப்படும்போது அமிர்தலிங்கம் ஆனந்தவல்லியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "வெள்ளிக்கிழமைதான் தண்ணி மாத்தணும்னு யாரும்மா முடிவு பண்ணது?"

"நான்தான். அவன் போனது வெள்ளிக்கிழமை" என்றார் ஆனந்தவல்லி.

*

புதன்கிழமை மாலை பழைய தடய அறிவியல் கூடத்திலிருந்து அமிர்தலிங்கத்தின் சீடர் ஒருவர் தொலைபேசியில் முடிவைச் சொன்னார். இயந்திரத் தண்ணீர் சுத்தம். பம்புத் தண்ணீரில் உப்பு, வேறொன்றும் இல்லை. தொட்டித் தண்ணீரில் செம்பு. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு, ஆனால் சின்ன மீனுக்கு அதிகம்.

கனகா மேஜையைத் தட்டினாள். "மயில்துத்தம்னா என்ன சார்? செம்புதானே? கொடியில காஞ்ச துணியில நீலக் கறை, பார்த்தீங்கள்ல? தொட்டிக்கு முன்னாடி சேத்துச் செருப்புத் தடம். பொண்டாட்டி நாள் முழுக்க அந்தத் தொட்டி முன்னாடியே உக்காந்திருக்கிறதை அவரால தாங்க முடியல. மீன் போனா தொட்டி போகும், தொட்டி போனா நௌஷாத்தும் போவான். துரைக்கண்ணுதான் சார்!"

அமிர்தலிங்கம் அவளுடைய செல்போனை வாங்கிக் கொட்டகைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "முடிச்சு மேல என்ன இருக்கு?"

"குளவிக்கூடு."

"பழைய கூடு, காஞ்சு வெடிச்சிருக்கு. அந்தப் பையை நாலு வாரமா யாரோ வாரா வாரம் அவிழ்த்திருந்தா கூடு உடைஞ்சிருக்கும். அதோட மயில்துத்தத்தை ஒரு சிட்டிகை போட்டாலே ஒரே நாள்ல தொட்டியே காலியாயிருக்கும். இங்க சாவு மெதுவா வருது. நத்தை, அயிரை, அப்புறம் கெண்டைன்னு யாருக்குச் செம்பு முதல்ல ஆகாதோ அவங்க முதல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமா செம்பு சேருது. கொல்லணும்னு நினைக்கிறவன் இவ்வளவு பொறுமையா இருக்க மாட்டான்."

"செருப்புத் தடம்?"

"அவரையே கேட்போம்."

கனகாவுக்கு முகம் விழுந்தது. அமிர்தலிங்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "மெஷின்லேர்ந்து வர்ற தண்ணி சுத்தம். தொட்டிக்குப் போனதுக்கு அப்புறம் அதுல செம்பு. நடுவுல ஒரு ராத்திரி அந்தத் தண்ணி எங்க தங்குது?"

"நீல டிரம்ல" என்று சொன்ன கனகா வாயைப் பொத்திக்கொண்டாள். "டிரம்ல தவிடுல்ல இருந்துச்சு!"

"ஆமா." அவர் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. "யாராவது கெட்டவன் கிடைச்சிருந்தா இந்தக் கேஸ் நல்லா இருந்திருக்கும் கனகா. நாளைக்குள்ள போய்ச் சொல்லியாகணும். சொல்லாம விட்டா வெள்ளிக்கிழமை மறுபடி ஊத்திருவாங்க."

*

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டை அடைந்தபோதும் வானம் அதே மூட்டம். நௌஷாத் சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் நின்றிருந்தான். அமிர்தலிங்கம் நேரே உள்ளே போகாமல் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு நடந்தார். மற்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

ஆனந்தவல்லி துவைக்கிற கல்லருகே குந்தியிருந்தார். முன்னால் அந்தச் செப்பு அண்டா. ஊறவைத்த புளியைக் கைநிறைய எடுத்து உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். லேசாக மங்கியிருந்த இடமெல்லாம் அவர் கைபட்டதும் ரோஜா நிறத்துக்கு மாறியது. நான்கு தடவை கழுவி, வெயில் இல்லாத வானத்தைப் பார்த்து அண்டாவைத் திருப்பி, எங்காவது கறை மிச்சமிருக்கிறதா என்று தேடினார். வந்தவர்களைப் பார்த்ததும் அண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அமிர்தலிங்கம் ஒரு பெருமூச்சு விட்டார். நௌஷாத் அவரைப் பார்த்தான், பிறகு அண்டா போன வழியைப் பார்த்தான்.

கூடத்தில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார் துரைக்கண்ணு. நௌஷாத்துக்குப் போடவில்லை. அவன் வாசற்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்றான்.

"சொல்லுங்க, யாரு?" என்றார் துரைக்கண்ணு.

"முதல்ல ஒரு கேள்வி. காலையில வயல்லேர்ந்து வந்ததும் செருப்போட தொட்டிகிட்ட வருவீங்களா?"

துரைக்கண்ணு மனைவியைப் பார்க்காமல் பதில் சொன்னார். "வருவேன். எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்ப்பேன். அவ எழுந்து வர்றதுக்குள்ள செத்ததை எடுத்துறலாம்னு."

ஆனந்தவல்லி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி. கனகா தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மெதுவாக மடித்து மறைத்தாள்.

அமிர்தலிங்கம் நிதானமாக ஆரம்பித்தார். "தொட்டித் தண்ணியில செம்பு இருக்கு. மீன் செத்தது அதனாலதான். மெஷின்லேர்ந்து வரல, பார்த்தாச்சு. போர்லயும் இல்ல. கொட்டகையில இருக்கிற மயில்துத்தத்தை யாரும் தொடல. மெஷின் தண்ணி தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல ..."

"நான்தாங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். நௌஷாத் ஓரடி முன்னால் வந்திருந்தான்.

"நான்தான் பண்ணேன். மீன் மேல வெள்ளைப் புள்ளி நோய் தெரிஞ்சுது. அதுக்குக் கடையில ஒரு மருந்து இருக்கு, அதுல செம்பு கலந்திருக்கும். அளவு தெரியாம வாரா வாரம் விட்டுட்டேன். பயந்துக்கிட்டு உங்ககிட்டயும் மறைச்சுட்டேன் சார். வேற யாரும் காரணம் இல்ல."

கனகா வாயைத் திறந்தாள். அயிரைத் தொட்டியில் மருந்து விடுகிற முட்டாள் நானில்லை என்று திங்கட்கிழமை இவன் சொன்னது அவள் கையிலிருந்த நோட்டிலேயே இருந்தது. அமிர்தலிங்கம் கண்ணாலேயே அவளை அடக்கினார். உண்மையைச் சொல்லியே பழகிய மனிதர் அவர். அந்த ஒரு நிமிடம் என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

துரைக்கண்ணு எழுந்துவிட்டார். "எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். என் புள்ளை கையால பிடிச்சதுன்னு இந்த வீட்டுல மிச்சம் இருந்தது அதுதான்டா. அதையும் கொன்னுட்டு வந்து நிக்கிறியா? கொன்னவன் இந்த வீட்டுல நிக்கக் கூடாது. போ. வெளியில போ."

"போறேம்ப்பா." நௌஷாத் திரும்பினான். படி இறங்கப் போனவன் நின்று ஆனந்தவல்லியிடம் சொன்னான். "அம்மா, இருக்கிற மூணும் பிழைக்கணும்னா நாளைக்கு ஊத்துற தண்ணியை அந்த டிரம்லயே பிடிங்க. பிளாஸ்டிக்ல மட்டும் பிடிங்கம்மா. மறந்துறாதீங்க."

ஆனந்தவல்லி அவனையே பார்த்தார். எட்டு மாதமாக எதையும் சரியாகப் பார்க்காத கண்கள் அவை.

"மருந்துலதானே தம்பி செத்துச்சு?" என்றார். "அப்புறம் நான் எதுக்குப் பாத்திரத்தை மாத்தணும்?"

நௌஷாத் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வெறுங்கையோடதான் நீ வருவே. வாளியை வாங்கி ஊத்துவே, போவே. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். எந்த மருந்தை எப்ப விட்டே?" அவர் அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, செம்புன்னா நம்ம அண்டா செம்பா?"

அமிர்தலிங்கம் அந்தக் கேள்வி வராமல் போய்விடாதா என்று நினைத்திருக்கலாம். வந்த பிறகு அவருக்குப் பொய் வரவில்லை.

"ஆமாம்மா" என்றார். "அண்டா மேலயும் தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல. போர் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். அதை வெச்சா பாத்திரத்துக்குள்ள வெள்ளையா ஒரு படிவு உக்காரும், செம்பு அவ்வளவா இறங்காது. மெஷின் எல்லாத்தையும் எடுத்துட்டுத் தண்ணியை வெறுமையாக்கிக் கொடுக்குது. அந்தத் தண்ணி எதுல இருந்தாலும் அதைக் கரைச்சு எடுத்துக்கப் பார்க்கும். நீங்க வாரா வாரம் புளி போட்டுத் துலக்குறீங்க, உள்ள இருந்த படிவும் போயிருது. பச்சைச் செம்புல ராத்திரி முழுக்க நின்ன தண்ணி அது. மேல கட்டின துணியிலயே விளிம்பு பட்ட இடம் நீலமாயிருக்கு. நாம குடிச்சா ஒண்ணும் ஆகாது. அயிரைக்கும் கெண்டைக்கும் தாங்காது."

"டிரம்ல பிடிக்க எனக்கு மனசு வரல" என்றார் ஆனந்தவல்லி. யாருக்கும் பதிலாகச் சொன்னது போலில்லை. "எந்தக் கடையில எது இருந்த டிரம்மோ. தண்ணியில போன புள்ளைக்குத் தண்ணி வைக்கணும்னு தோணுச்சு. வியாழக்கிழமை அவன் படத்துக்கு முன்னாடி நல்ல பாத்திரத்துல வெச்சு, விளக்கு ஏத்தி, ராத்திரி அவனுக்குன்னு இருக்கட்டும், காலையில அவன் மீனுக்குக் கொடுப்போம்னு. ஒரு கறை இருக்கக் கூடாதுன்னு தேச்சேன். உள்ளங்கை எரியும். எரியட்டும்னு தேச்சேன்."

இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து கேட்டது. நௌஷாத் அழுதுகொண்டிருந்தான். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? மெஷினை வெச்சவன் நான். எதுல பிடிக்கிறீங்கன்னு நான் ஒரு தடவை கேட்டிருக்கணும்" என்றான்.

"கேக்கிற இடத்துல உன்னை நாங்க வைக்கலையே" என்றார் ஆனந்தவல்லி.

அவர் எழுந்து கணவருக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய ஈரப் புடவையிலிருந்து புளிவாடை வந்தது.

"கொன்னவன் இந்த வீட்டுல நிக்கக் கூடாதுன்னீங்களே. நான்தான் கொன்னேன். எட்டும் என் கையால போச்சு. அவனைச் சொன்னதை என்னையும் சொல்லுங்க."

"என்ன பேச்சு இது" என்றார் துரைக்கண்ணு.

"சொல்லுங்க. போன்னு சொல்லுங்க."

"நீ என்ன தெரிஞ்சா செஞ்சே?"

"அவன் தெரிஞ்சா செஞ்சான்?" என்றார் ஆனந்தவல்லி. அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

துரைக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றார். எட்டு மாதமாக ஒருவன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு நடமாடிவிட்டார். அது போனால் மகன் செத்துப்போனது மட்டும்தான் மிச்சம். அதை வெறும் கையால் தூக்க அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். கனகா தரையைப் பார்த்துக்கொண்டாள். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது.

அவர் மெல்லப் போய்த் தொட்டிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கெண்டை இன்னும் மூலையில் சாய்ந்துதான் நின்றது. அதையே பார்த்தபடி, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"இருக்கிற மூணுக்கும் இப்ப என்ன செய்யணும்?"

யாரைக் கேட்கிறார் என்று நௌஷாத்துக்கு முதலில் விளங்கவில்லை. திருமுருகன் போனதிலிருந்து அவர் அவனிடம் எதையும் கேட்டதே இல்லை. அமிர்தலிங்கம் அவன் தோளைத் தொட்டு முன்னால் அனுப்பினார்.

நௌஷாத் தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தான். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் மறுபடியும் தோன்றியிருக்கும்.

"பனையேறி ரெண்டும் தாங்கிரும். கெண்டை பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாதுப்பா" என்றான்.

"அதை நான் கேக்கல" என்றார் துரைக்கண்ணு. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்வோம்."